முக்கோணத்தின் பக்கங்களும் கோணங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் பிள்ளைகள், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரும் பெற்றோர், ஐடிஐ மாணவர்கள், மனை வாங்கிக் கடைக்கால் தோண்டப் போகிறவர்கள் என்று சேலத்திலும் ஏற்காட்டிலும் பலரிடமிருந்தும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகள் இருக்கின்றன. மூலை மட்டம் பார்க்கும் அவசரத்தில் வந்தவர்கள் நேராக 8-வது கேள்விக்குப் போகலாம்.

1. மூணு கோணத்தைக் கூட்டினா எப்பவும் 180தானா மிஸ்? ஏன் 200 வரக்கூடாது?

சமதளத்தில் வரைந்த எந்த முக்கோணத்துக்கும் 180தான். க, ச, த என்று மூன்று உச்சிகள் வையுங்கள். க வழியாக, எதிரே உள்ள ச–த பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு போடுங்கள். இப்போது க-வில் மூன்று கோணங்கள் ஒட்டி நிற்கும். நடுவில் இருப்பது முக்கோணத்தின் சொந்தக் கோணம். ஒரு பக்கம் இருப்பது ச-வின் கோணத்துக்குச் சமம், மறுபக்கம் இருப்பது த-வின் கோணத்துக்குச் சமம், ஏனென்றால் அவை ஒன்றுவிட்ட கோணங்கள். மூன்றும் சேர்ந்து ஒரு நேர்கோட்டை நிரப்புகின்றன. நேர்கோடு என்றால் 180.

காகித முக்கோணத்தின் மூலைகளைக் கிழித்து ஒட்டிக் காட்டுவதும் நல்லதுதான், சின்னப் பிள்ளைகளுக்கு நம்பிக்கை வரும். ஆனால் ‘நிரூபி’ என்ற கேள்விக்கு அது விடையாகாது. கிழித்தது ஒரே ஒரு முக்கோணத்தை. தேற்றம் பேசுவது எல்லா முக்கோணத்தையும்.

2. கோணமானி வச்சு அளந்தா 178, 183னு வருது. தேற்றம் தப்பா, நான் தப்பா?

இரண்டும் இல்லை, கருவியின் எல்லை அது. 5 செ.மீ. நீளமுள்ள பக்கத்தின் நுனி 1 மி.மீ. விலகினால் கோணம் ஏறக்குறைய 1.1 டிகிரி மாறிவிடும். பென்சில் மழுங்கியிருந்தாலே அரை மில்லிமீட்டர் போய்விடும். மூன்று மூலையிலும் இப்படி ஒதுங்கினால் இரண்டு மூன்று டிகிரி பிசகுவது சகஜம். பக்கங்களை 12 செ.மீ.க்குக் குறையாமல் வரையுங்கள், கோடுகளைக் கோணமானியின் விளிம்புக்கு வெளியே வரை நீட்டுங்கள், அளவை நேர் மேலிருந்து பாருங்கள். பிழை பாதிக்கும் கீழே இறங்கும்.

கூட்டுத்தொகை 220 என்று வந்தால் கதை வேறு. கோணமானியில் உள்வரிசை, வெளிவரிசை என்று இரண்டு எண்வரிசை உண்டு. 70 டிகிரியை 110 என்று படித்திருப்பீர்கள். அந்த 40தான் கூடுதலாக வந்திருக்கிறது. அளப்பதற்கு முன்பே இது குறுங்கோணமா, விரிகோணமா என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிட்டு அளந்தால் இந்தத் தப்பு வராது.

3. வெளிக்கோணத்துக்கு எதுக்குத் தனியா ஒரு தேற்றம்? அதுவும் 180ல இருந்துதானே வருது?

ஆமாம், அதிலிருந்துதான் வருகிறது. ஒரு பக்கத்தை நீட்டினால் வெளியே கிடைக்கும் கோணம், உள்ளே தூரத்தில் இருக்கும் இரண்டு உள்ளெதிர்க் கோணங்களின் கூடுதலுக்குச் சமம். தனியாகச் சொல்வதற்குக் காரணம், நம்மால் போக முடியாத உச்சியின் கோணத்தை இது போகாமலே சொல்லிவிடும்.

ஏற்காடு ஏரிக்கரையில் நிற்கிறீர்கள், எதிர்க்கரையில் ஒரு மரம். கரையோரமாக ஒரே நேர்கோட்டில் நடக்க வேண்டும். நடக்கும் திசைக்கும் மரத்துக்கும் இடையே உள்ள கோணம் முதலில் 35 டிகிரி என்று வையுங்கள். அது 70 ஆகும் வரை நடந்து நில்லுங்கள். இந்த 70தான் வெளிக்கோணம். அதிலிருந்து 35 போனால் மரத்தடியில் உள்ள கோணம் 35. இரண்டு கோணம் சமம், அதனால் அவற்றுக்கு எதிரே உள்ள பக்கங்களும் சமம். ஆக, நீங்கள் நடந்த தூரம் எவ்வளவோ அவ்வளவுதான் இப்போது நிற்கும் இடத்திலிருந்து மரம் இருக்கும் தூரம். தண்ணீரில் கால் வைக்காமல் அளந்தாகிவிட்டது. கரை வளைந்து போகிற இடத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். நேர்கோடு கெட்டால் கணக்கும் கெட்டது.

4. எந்த மூணு நீளம் குடுத்தாலும் முக்கோணம் வரைஞ்சிடலாமா?

முடியாது. எந்த இரண்டு பக்கத்தைக் கூட்டினாலும் மூன்றாவதைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். மூன்று முறை சோதிக்கத் தேவையில்லை: சிறிய இரண்டைக் கூட்டிப் பெரியதோடு ஒப்பிட்டால் போதும். 4, 5, 10 என்றால் கவராயத்தின் விற்கள் சந்திக்கவே சந்திக்காது. 4, 5, 9 என்றால் கோட்டின் மேலேயே தொட்டுக்கொள்ளும். அது படுத்துவிட்ட முக்கோணம், பரப்பு பூச்சியம்.

இரண்டு பக்கம் 7, 11 என்று தெரிந்தால் மூன்றாவது 4-க்கு மேல், 18-க்குக் கீழ். ‘4 முதல் 18 வரை’ என்று எழுதினால் மதிப்பெண் போகும், ஓரத்து எண்கள் இரண்டும் சேராது. அரைக் கேள்வித்தாள் இந்த ஒரு சொல்லில்தான் பிள்ளைகளைக் கவிழ்க்கிறது.

5. நேர்க்கோடுதான் குறைஞ்ச தூரம்னா ஏற்காட்டு ரோட்டை ஏன் நேரா போடல?

சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே வரைபடத்தில் நேர்க்கோடு போட்டால் சுமார் 14 கி.மீ.தான். 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ரோடு போவது அதைப்போல இரண்டு மடங்கு. தேற்றம் பொய்யாகவில்லை. நீளத்தைக் குறைத்தால் கோணம் கூடும், அதுதான் விஷயம். ஏறும் ரோட்டைக் கர்ணமாகவும், ஏற வேண்டிய உயரத்தை எதிர்ப்பக்கமாகவும் நினையுங்கள். உயரம் மலை கொடுத்தது, அதை மாற்ற முடியாது. 1,000 மீட்டர் ஏற, 20 மீட்டருக்கு 1 மீட்டர் வீதம் என்றால் 20 கி.மீ. ரோடு வேண்டும், சாய்வு 3 டிகிரிக்குள் நிற்கும். 5 மீட்டருக்கு 1 என்றால் 5 கி.மீ.யில் முடித்துவிடலாம், ஆனால் சாய்வு 11.5 டிகிரி. ஆள் ஏற்றிய பஸ் அதில் ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து.

இதோடு ஒட்டிய தவறு ஒன்று: மூன்று ஊர்களுக்கு இடையிலான ரோட்டுத் தூரத்தை வைத்து முக்கோணம் போட்டு, ‘4-வது கேள்வியில் சொன்னது பொருந்தவில்லையே’ என்பார்கள். அந்தத் தேற்றம் நேர்கோட்டுப் பக்கங்களுக்கு மட்டும்.

6. பெரிய கோணத்துக்கு எதிர்ல பெரிய பக்கம். அப்போ கோணம் ரெண்டு மடங்கானா பக்கமும் ரெண்டு மடங்கா?

இல்லை. தேற்றம் வரிசையை மட்டும்தான் சொல்கிறது, விகிதத்தைச் சொல்வதில்லை. ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் 30–60–90 மூலைமட்டத்தை எடுத்து அளந்து பாருங்கள். 30-க்கு எதிர்ப்பக்கம் 10 செ.மீ. என்றால் 60-க்கு எதிரே இருப்பது 17.3, 90-க்கு எதிரே 20. கோணம் 30, 60, 90 என்று சீராக ஏற, பக்கம் அப்படி ஏறுவதில்லை. பக்கங்கள் கோணங்களின் சைன் மதிப்புகளின் விகிதத்தில் இருக்கும். அதைப் பதினோராம் வகுப்பில் சைன் விதி என்று படிப்பீர்கள். 30-க்கு எதிர்ப்பக்கம் கர்ணத்தில் பாதி என்பதை மட்டும் இப்போதே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 12-வது கேள்வியில் தேவைப்படும்.

7. ஓட்டு வீட்டுக்கு ரெண்டு சுவருக்கு நட்டநடுவுல கால் நிறுத்தினா மோட்டுக்கு நேரா வந்துருமாங்க?

இரண்டு பக்கக் கைமரமும் ஒரே நீளம், சுவர்களும் ஒரே மட்டம் என்றால் வரும். அது இருசமபக்க முக்கோணம்: அடிக்கோணங்கள் இரண்டும் சமம், உச்சியிலிருந்து விடும் தூக்குக்குண்டு அடிப்பக்கத்தின் மையத்தில் விழும், உச்சிக்கோணத்தையும் அதே கோடு சரிபாதியாக வெட்டும். நடுக்கோடு, குத்துக்கோடு, கோண இருசமவெட்டி மூன்றும் ஒரே கோடு.

கைமரங்கள் சமமில்லை என்றால் மூன்றும் பிரிந்துவிடும். சுவர்களுக்கு இடையே 21 அடி, ஒரு பக்கக் கைமரம் 10 அடி, மறுபக்கம் 17 அடி என்று வையுங்கள். மோடு சுவர்மட்டத்துக்கு மேல் சரியாக 8 அடி உயரத்தில், குட்டைப் பக்கச் சுவரிலிருந்து 6 அடி தள்ளி நிற்கும் (6, 8, 10 ஒரு செங்கோண முக்கோணம், 8, 15, 17 இன்னொன்று). நடுவோ 10½ அடியில். அங்கே காலை நிறுத்தினால் மோட்டுக்கு நாலரை அடி தள்ளி, வெறும் கைமரத்தைத்தான் முட்டுக்கொடுக்கும்.

8. மேஸ்திரி 3-4-5 வச்சு மூலை பாக்கிறார். அதுதான் பிதாகரஸ் தேற்றமா?

அது பிதாகரஸ் தேற்றத்தின் மறுதலை. தேற்றம்: மூலை செங்கோணம் என்றால் கர்ணத்தின் வர்க்கம் மற்ற இரண்டின் வர்க்கக் கூடுதலுக்குச் சமம். மறுதலை: வர்க்கங்கள் அப்படிப் பொருந்தினால் மூலை செங்கோணம். மேஸ்திரிக்கு மூலை தெரியாது, நீளங்கள்தான் தெரியும். அதனால் அவர் பிடிப்பது மறுதலையை. ஒன்று உண்மை என்பதால் மற்றது தானாக உண்மையாகிவிடாது, இரண்டையும் தனித்தனியாகத்தான் நிரூபிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் இதைத் தேற்றத்தின் பெயரிலேயே எழுதுகிறவர்கள் அதிகம்.

செய்முறை: முதலில் ரோட்டுப் பக்கத்து நூலை இறுக்கிக் கட்டுங்கள், இனி அதைத் தொடக்கூடாது. மூலை முளைக்குச்சியின் தலையில் ஆணி அடித்து, அந்த ஆணியிலிருந்து அளங்கள். குச்சியின் விளிம்பிலிருந்து அளந்தால் அங்கேயே ஓர் இஞ்ச் போயிற்று. ரோட்டு நூலில் 12 அடியில் ஒரு குறி. இரண்டாவது நூலில் 9 அடியில் ஒரு குறி. இரண்டு குறிக்கும் நடுவே 15 அடி வரும் வரை இரண்டாவது நூலை மட்டும் நகர்த்துங்கள். நகர்த்தியபின் 9 அடிக் குறி மாறியிருக்கும், அதை மறுபடி அளந்து, 15-ஐயும் மறுபடி பாருங்கள். டேப்பின் நுனி தேய்ந்திருந்தால் 1 அடிக் கோட்டில் பிடித்து அளப்பார்கள். அப்போது எதிர்முனையில் 16 படிக்க வேண்டும். மறந்துபோய் 15 படிப்பது சைட்டில் அடிக்கடி நடக்கிறது.

3-4-5 அடியிலேயே ஏன் செய்யக்கூடாது? அரை இஞ்ச் பிசகு எங்கும் வரும். 5 அடிக் கர்ணத்தில் அரை இஞ்ச் தப்பினால் மூலை 1 டிகிரி தவறும்; 40 அடிச் சுவரின் கடைசியில் அது 8 இஞ்ச். 15 அடிக் கர்ணத்தில் அதே அரை இஞ்ச் தப்பினால் 40 அடியில் 3 இஞ்சுக்குள் அடங்கும். இடம் இருந்தால் 30–40–50 வரை போங்கள்.

9. எங்க மனை ஏற்காட்டுல, சரிவு. டேப்பைத் தரையோட இழுத்துப் பாத்தா 15 வரல.

வராது. டேப் படுத்திருப்பது தரைச்சாய்வில், அதுவே இன்னொரு முக்கோணத்தின் கர்ணம். 10 அடி இழுப்பதற்குள் தரை 2 அடி இறங்கினால் கிடைமட்டத் தூரம் 9.8 அடிதான். டேப்பை மட்டமாகப் பிடித்து, நுனியில் தூக்குக்குண்டு விட்டு, படிப்படியாக அளந்து கூட்டுங்கள். மூன்று அளவையும் அப்படித்தான் எடுக்க வேண்டும், கர்ணத்தை மட்டும் தரையோடு அளந்தால் எல்லாம் வீண்.

10. மனை 30-க்கு 40. நாலு பக்கமும் அளந்தாச்சு, சரியா இருக்கு. மூலைவிட்டம் வேற எதுக்கு?

நாலு பக்கம் நாற்கோணத்தைப் பூட்டாது. நான்கு குச்சிகளை முனையில் ஆணி அடித்துச் சேர்த்துத் தள்ளிப் பாருங்கள், சாயும். மூன்று குச்சிகளைச் சேர்த்தால் சாயாது. மூன்று பக்கங்கள் தெரிந்தால் முக்கோணம் ஒன்றே ஒன்றுதான் என்ற ப-ப-ப (பக்கம்-பக்கம்-பக்கம்) விதி இதுவே. இரும்பு கேட்டில் வெல்டர் குறுக்குப்பட்டை வைப்பதும் நாற்கோணத்தை இரண்டு முக்கோணமாக்கத்தான்.

30-க்கு 40 மனையில் மூலைவிட்டம் 50 வர வேண்டும். 48 வருகிறது என்று வையுங்கள். மூலை 85.3 டிகிரி. பரப்பைக் கணக்கிட்டால் 1,196 சதுர அடி, அதாவது 1,200-க்கு 4 அடிதான் குறைவு, அதனால் யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் பின்பக்கம் முழுதும் இரண்டரை அடி பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். பக்கத்து மனைக்காரரோடு வரும் தகராறு அந்த இரண்டரை அடியில்தான். எஃப்.எம்.பி. புலப்படத்தில் (நில அளவைத் துறையின் அளவுப் படம்) நிலத்துக்குள் குறுக்குக் கோடுகளும் அவற்றின் நீளமும் போட்டிருப்பது இதற்காகவே.

இரண்டு மூலைவிட்டமும் சமமாக இருந்தால் போதும் என்றும் சொல்வார்கள். போதாது. எதிரெதிர்ப் பக்கங்களும் சமமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் குறுகலாகவும் உள்ள சரிவகமாகக்கூட இருக்கலாம்.

11. கோணல் மனைக்கு எதிரெதிர்ப் பக்கத்தைச் சராசரி எடுத்துப் பெருக்கினா பரப்பு வந்துருமே?

வாங்குகிறவருக்கு நஷ்டம் தரும் பழக்கம் இது. செவ்வகத்தைத் தவிர மற்ற எல்லா நாற்கோணத்திலும் இந்தக் கணக்கு உண்மையைவிட அதிகமாகத்தான் காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. முன் 40, பின் 44, வலம் 30, இடம் 36 அடி: சராசரி வழியில் 42 × 33 = 1,386 சதுர அடி.

இப்போது முன்-இட மூலையிலிருந்து பின்-வல மூலைக்கு அளக்கிறோம், 60 அடி. முதல் முக்கோணம் 40, 30, 60. மூன்று பக்கங்களை வைத்தே பரப்பு சொல்லும் ஹீரோன் சூத்திரம்: அரைச்சுற்றளவையும், அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்து வரும் மூன்று எண்களையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். இங்கே அரைச்சுற்றளவு 65. 65 × 25 × 35 × 5-இன் வர்க்கமூலம் 533. இரண்டாவது 44, 36, 60: அரைச்சுற்றளவு 70, 70 × 26 × 34 × 10-இன் வர்க்கமூலம் 787. கூட்டினால் 1,320. வித்தியாசம் 66 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால், ஏழில் ஒரு பங்கு சென்ட் காற்றில் விலை போகிறது.

12. ப-ப-ப, ப-கோ-ப, கோ-ப-கோ எல்லாம் இருக்கு. ப-ப-கோ மட்டும் ஏன் சர்வசமத்துக்கு ஆகாது?

வரைந்து பார்த்தால் புரிந்துவிடும். க-வில் 30 டிகிரிக் கோணம். அதன் ஒரு கதிரில் 8 செ.மீ. தள்ளி ச. இப்போது ச-வை மையமாக வைத்துக் கவராயத்தில் 5 செ.மீ. எடுத்து மற்றக் கதிரை வெட்டுங்கள். வில் இரண்டு இடத்தில் வெட்டும்: க-விலிருந்து 3.9 செ.மீ.யிலும், 9.9 செ.மீ.யிலும். கொடுத்த மூன்று அளவும் இரண்டுக்கும் பொருந்தும், முக்கோணம் மட்டும் வேறு வேறு. காரணம், ச-விலிருந்து அந்தக் கதிருக்கு இறக்கும் குத்துக்கோடு 4 செ.மீ. (6-வது கேள்வி: 8-இல் பாதி). 5 அதைவிடப் பெரியது, 8-ஐவிடச் சிறியது. அதனால் குத்துக்கோட்டுக்கு இந்தப் பக்கம் 3, அந்தப் பக்கம் 3 என்று வில் விழுகிறது. சரியாக 4 எடுத்தால் தொட்டு நிற்கும், ஒரே முக்கோணம். 4-க்குக் கீழே எட்டவே எட்டாது. 8-உம் அதற்கு மேலும் என்றால் மறுபடி ஒன்றே.

அப்படியானால் செ-க-ப (செங்கோணம்-கர்ணம்-பக்கம்) மட்டும் எப்படிச் செல்லும் என்று கேட்பவர் நன்றாக யோசிக்கிறார். அதுவும் ப-ப-கோ வகைதான். ஆனால் கோணம் 90 என்பதால் குத்துக்கோட்டின் அடி க-விலேயே விழுகிறது. வில் வெட்டும் இரண்டு இடமும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒன்றுக்கொன்று பிரதிபிம்பம், எனவே சர்வசமம்.

13. மூணு கோணமும் சமம்னா சர்வசமம்தானே? நிழலை வச்சு மர உயரம் அளக்கிறது அதுதானா?

மூன்று கோணம் சமம் என்றால் வடிவொத்தவை, அவ்வளவே. அளவு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பக்கங்கள் ஒரே விகிதத்தில் இருக்கும். நிழல் கணக்கு அந்த விகிதம்தான். காப்பித் தோட்டத்தில் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரம். பக்கத்தில் 1.5 மீட்டர் கம்பைத் தூக்குக்குண்டு பார்த்து நடுங்கள். கம்பின் நிழல் 1.2 மீட்டர், அதே நேரம் மரத்தின் நிழல் 16 மீட்டர் என்றால் உயரம் 16 × 1.5 ÷ 1.2 = 20 மீட்டர்.

மரத்தின் நிழலைப் பட்டையிலிருந்து அளக்காதீர்கள், அடிமரத்தின் நடுவிலிருந்து அளங்கள். உச்சிவெயிலில் செய்யாதீர்கள்; கம்பின் நிழல் 30 செ.மீ.யாகச் சுருங்கிவிட்டால் 1 செ.மீ. பிசகு மரத்தில் அரை மீட்டருக்கும் மேல் போகும். சரிவான தரையா? கம்பும் மரமும் ஒரே சரிவில், நிழல் ஒரே திசையில் விழுந்தால் பயமில்லை: இரண்டு முக்கோணத்திலும் அடிக்கோணம் 90 இல்லாமல் போகலாம், ஆனால் ஒன்றாகவே இருக்கும். மரம் சரிவிலும் கம்பு சமதரையிலும் இருந்தால்தான் கணக்கு கெடும்.

14. வர்க்கமூலமே வேண்டாம், நீளத்தை எட்டாக்கி ஒண்ணைத் தள்ளி, உயரத்தில் பாதியைச் சேர்த்தா கர்ணம்னு தமிழ்ப் பாட்டு இருக்கே. பிதாகரஸ் எதுக்கு?

வாட்ஸப்பில் வருடம் தவறாமல் சுற்றும் கேள்வி. 3-4-5-க்குப் போட்டால் 4-இல் அரை போக 3.5, அதோடு 1.5, சரியாக 5. 5-12-13-க்கும் சரியாக வரும். நீளம் பெரிய பக்கமாக இருக்கும்போது இந்த இரண்டு விகிதத்தில் மட்டும்தான் துல்லியம். மற்ற எதிலும் இல்லை. இரண்டு பக்கமும் 10 அடி என்றால் 13.75 காட்டும், உண்மை 14.14. உயரம் நீளத்தில் பாதி முதல் முக்கால் வரை இருந்தால் பிழை நூற்றுக்கு ஒன்றைத் தாண்டாது. கையில் கருவி இல்லாத காலத்து மதிப்பீடு என்றால் கெட்டிக்காரத்தனமானதுதான்.

40 அடிக்கு 5 அடி போட்டுப் பாருங்கள்: 35 + 2.5 = 37.5. கர்ணம் 40 அடிப் பக்கத்தைவிடச் சிறியதாக வந்துவிட்டது! பெரிய கோணத்துக்கு எதிரே பெரிய பக்கம் (6-வது கேள்வி), செங்கோண முக்கோணத்தில் பெரிய கோணம் 90, ஆகவே கர்ணம்தான் மூத்த பக்கம். உயரம் நீளத்தில் கால்வாசிக்குக் கீழே போனால் எப்போதும் இந்த அபத்தம் வரும். மூலை மட்டம் பார்க்க இதைப் பயன்படுத்தவே கூடாது.

15. கடைசியா ஒண்ணு சார். பூமி உருண்டைதானே, அப்போ நிலத்துல போட்ட முக்கோணத்துக்கு 180 எப்படி வரும்?

வராது. 1-வது கேள்வியின் விடையில் ‘சமதளத்தில்’ என்று போட்டது இதற்காக. வடதுருவத்தில் ஓர் உச்சி, நிலநடுக்கோட்டில் கால்வட்டம் இடைவெளி விட்டு இரண்டு உச்சி வைத்தால் மூன்று கோணமும் 90, கூட்டினால் 270. அந்த முக்கோணத்தில் பிதாகரஸும் செல்லாது.

1802-இல் ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் சுமார் 12 கி.மீ. அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்து, அங்கிருந்து குன்றுக்குக் குன்று கோணங்களை மட்டும் அளந்து, மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டே நாட்டை அளக்கத் தொடங்கினார். ஒரு பக்கமும் இரு கோணமும் தெரிந்தால் முக்கோணம் பூட்டிக்கொள்ளும் என்ற கோ-ப-கோ-தான் அதன் உயிர். அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். அவ்வளவு துல்லியத்தில் பூமியின் உருண்டை தெரிந்துவிடும்: சுமார் 197 சதுர கி.மீ. பரப்புக்கு ஒரு விநாடி வீதம் 180-க்கு மேல் கூடும் (ஒரு டிகிரியை 3,600 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு விநாடி). பக்கத்துக்கு 30 கி.மீ. உள்ள சமபக்க முக்கோணம் என்றால் கூடுதல் 2 விநாடி. 1,200 சதுர அடி மனையில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அங்கே 178 வந்தால் பூமி மேல் பழி போடாமல் 2-வது கேள்விக்குத் திரும்புங்கள்.